அடுப்பில்லாத அறையில் வாங்கிய சமையல் புத்தகம்

1976-ஆம் ஆண்டு குமாஸ்தா வேலை கிடைத்துப் பெங்களூருக்கு வந்தபோது, ஸ்ரீராமபுரத்தில் எனக்கு ஓர் அறை கிடைத்தது. வாடகை 45 ரூபாய். நிபந்தனை ஒன்றுதான்: அறைக்குள் அடுப்பு பற்ற வைக்கக் கூடாது.

வீட்டுக்கார அம்மாள் நல்லவர். ஆனால் மண்ணெண்ணெய் ஸ்டவ் என்றால் அவருக்கு நடுக்கம். எனக்கு முன்னால் குடியிருந்த பையன் ஒருவன் ஸ்டவ்வுக்குக் காற்றடிக்கப் போய்ச் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்குக் கரி ஏற்றி விட்டுப் போயிருந்தான். அந்தக் கரியைக் காட்டித்தான் எனக்குச் சாவியே கொடுத்தார். அதனால் காலையில் ஓட்டல் இட்லி, இரவு மெஸ் சாப்பாடு. பகலில் காரியாலயத்துக் கேண்டீன். முதல் மாதம் சுகமாக இருந்தது. மூன்றாவது மாதம் சாம்பாரின் வாசனை வந்தாலே வயிறு திரும்பிக் கொண்டது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவென்யூ ரோட்டில் பழைய புத்தகக் கடைகளை மேய்ந்து கொண்டிருந்தேன். கணக்குப் பதிவியல் புத்தகம் தேடிப் போனவன், 3 ரூபாய் கொடுத்து ‘சமைத்துப் பார்’ முதல் பாகத்தை வாங்கிக் கொண்டு திரும்பினேன். அறைத் தோழன் விழுந்து விழுந்து சிரித்தான். “அடுப்பே இல்லாதவனுக்கு அகப்பை எதற்கடா?” என்றான். அவன் கேட்டதில் தவறில்லை. எனக்கும் அப்போது பதில் தெரியவில்லை.

படித்துப் பசியாறியது

எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய அந்தப் புத்தகம் 1951-ல் முதலில் வெளிவந்தது. பிறகு மேலும் இரண்டு பாகங்கள் வந்தன. கல்யாணமாகி வெளியூருக்குப் போகிற பெண்ணின் பெட்டியில் பாத்திரங்களோடு இதையும் வைத்து அனுப்புவது பல வீடுகளில் வழக்கம். என் கைக்கு வந்த பிரதியின் முதல் பக்கத்திலும் ஊதா மையில் ஒரு தாயார் தம் மகளுக்கு எழுதிக் கொடுத்த நாலு வரி ஆசீர்வாதம் இருந்தது. தேதி 1958. அந்தப் பெண் நன்றாகச் சமைக்கக் கற்றுக் கொண்டு புத்தகத்தை விட்டாரோ, கஷ்ட காலத்தில் விற்றாரோ, இல்லை காகிதக்காரனுக்குத் தவறிப் போயிற்றோ! ரசம் வைக்கும் பக்கத்தில் மட்டும் மஞ்சள் கறை இருந்தது. ஆக, உபயோகப்படுத்தியிருக்கிறார்.

இரவு மெஸ்ஸில் சாப்பிட்டு வந்து விளக்கடியில் அதைப் படிப்பேன். எது முதலில், எது பிறகு, எவ்வளவு நேரம் என்று அந்த அம்மாள் பக்கத்தில் நின்று சொல்லுகிற மாதிரி இருக்கும். வீட்டில் தாயாரோ மாமியாரோ இல்லாத பெண் தடுமாறுவாளே என்ற கவலையோடு எழுதிய எழுத்து. ஊரை விட்டு வந்தவனுக்கு அது இதமாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை.

அளவுகள்தான் என்னைப் படுத்தி விட்டன. பழைய பதிப்புகளில் ஆழாக்கும் பலமும்தான். 1956-ல் சட்டம் வந்து, 1960-களில் கிலோவும் லிட்டரும் கட்டாயமாகி விட்ட பிறகு வளர்ந்த எனக்குப் பலம் என்றால் உடல் பலம்தான் தெரியும். காரியாலயத்தில் வயதான தலைமைக் குமாஸ்தா ஒருவர் கணக்குச் சொன்னார்: பலம் என்பது 3 தோலா, ஏறக்குறைய 35 கிராம், 40 பலம் கொண்டது ஒரு வீசை, அதாவது 1 கிலோ 400 கிராம். அன்றிலிருந்து பென்சிலால் ஓரத்தில் கிராம் எழுதிக் கொண்டே படித்தேன். சமைக்காத குழம்புக்குக் கணக்குப் போட்டவன் பெங்களூரிலேயே நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.

ஒன்று மட்டும் கொஞ்ச நாளில் உறைத்தது. நான் திருப்பத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தான். என் அம்மா செய்கிற கேழ்வரகுக் களி, கொள்ளுக் கடைசல், கருவாட்டுக் குழம்பு எதுவும் அதில் இல்லை. குறையாகச் சொல்லவில்லை. ஒருவர் தம் வீட்டுச் சமையலைத்தானே எழுத முடியும்? ஆனால் எங்கள் வீட்டுச் சமையலை எழுதியவர் யாராவது இருப்பார்கள் என்று தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடல்தான் பிறகு பைத்தியமாகி, இன்று என் அலமாரியில் 140 சமையல் புத்தகங்களாக நிற்கிறது.

கர்னலும் ராமசாமியும்

பழைய கடைகளில் சமையல் புத்தகத்துக்கு மரியாதை குறைவு. நாவல்களுக்கு அடியில் கிடக்கும். எண்ணெய்ப் பிசுக்கு இருப்பதால் விலையும் குறைத்துப் பேசலாம். பிரஷர் குக்கரோடு கொடுக்கிற சின்னப் புத்தகம், டால்டா டப்பா காலத்துத் துண்டுப் பிரசுரம், பெண்கள் பத்திரிகையின் இலவச இணைப்பு என்று எதையும் விடமாட்டேன். தங்கம் பிலிப் கேட்டரிங் மாணவர்களுக்காக எழுதிய தடித்த ஆங்கிலப் புத்தகமும் உண்டு.

கண்டோன்மெண்ட் பக்கம் வெள்ளைக்காரர் காலத்துப் புத்தகங்கள் கிடைக்கும். அங்கே ஒருநாள் புரட்டிப் பார்த்த ஒரு புத்தகத்தை மறக்க முடியாது. கென்னி-ஹெர்பர்ட் என்ற ராணுவ அதிகாரி, ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் மதராஸ்வாழ் ஆங்கிலேயருக்காக எழுதியது. முதல் பதிப்பு 1878. அதில் சமையற்காரர்களுக்கெல்லாம் அவர் வைத்திருக்கும் பொதுப்பெயர் ‘ராமசாமி’. ராமசாமி இதை இப்படிக் கெடுப்பான், ராமசாமியை இப்படிப் பழக்க வேண்டும் என்று புத்தகம் நெடுக உபதேசம். உண்மையில் கரி அடுப்பின் முன் நின்று வெந்தவன் நம் ராமசாமி. மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டவர் கர்னல். புத்தகத்தின் மேல் இருப்பது கர்னல் பெயர். ராமசாமி எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பான் என்று பஸ்ஸில் திரும்பும்போது யோசித்துக் கொண்டே வந்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் விட்டேன்.

கன்னட நாட்டில் சமையலை எழுதி வைக்கும் வழக்கம் மிகப் பழையது என்பதையும் இந்தத் தேடலில்தான் அறிந்தேன். 1025-ஆம் ஆண்டை ஒட்டி இரண்டாம் சாவுண்டராயர் எழுதிய ‘லோகோபகாரம்’ என்ற நூலில் உளுந்தை மோரில் ஊற வைத்து அரைத்துச் செய்யும் ஒரு பண்டம் வருகிறது. நம் இட்லியின் மூதாதை அதுதான் என்பார்கள். அதில் அரிசியே கிடையாது! 16-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் மங்கரசர் ‘சூபசாஸ்திரம்’ என்று சமையலுக்காகவே ஒரு கன்னடச் செய்யுள் நூல் பாடியிருக்கிறார்.

நான் கன்னட எழுத்துக் கூட்டிப் படித்ததும் சமையல் புத்தகத்தில்தான். பஸ் போர்டில் கற்பதை விட இது சுலபம். பண்டம் தெரிந்தால் வார்த்தையை ஊகித்து விடலாம். நம் பால் அங்கே ஹாலு. நம் புளி அங்கே ஹுளி. நம் வெல்லம் அங்கே பெல்ல. ப என்றால் ஹ, வ என்றால் ‘பஸ்’ஸில் வருகிற ப. இந்தச் சூத்திரம் பிடிபட்டவுடன் பாதிப் புத்தகம் தமிழாகி விட்டது. அந்தச் சூத்திரப்படிதான் ஒருநாள் மார்க்கெட்டில் ‘பெண்ணெ ஹண்ணு’ என்று கூவிய பழக்காரியின் கூடையை எட்டிப் பார்த்தேன். பெண்ணெ என்றால் வெண்ணெய், ஹண்ணு என்றால் பழம். வெண்ணெய்ப் பழம்! பெங்களூரில் எல்லோரும் பட்டர் புரூட் என்பது இதைத்தான்.

ஆனைக்கொய்யா

இன்று கடைகளில் அவகாடோ என்ற பெயரில் ஸ்டிக்கர் ஒட்டி விற்கிற பழமும் இதுவே. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதி இதன் பூர்வீகம். முதலைத் தோல் போன்ற மேல்தோலும் பேரிக்காய் உருவமும் இருப்பதால் ஆங்கிலேயர் ‘அலிகேட்டர் பேர்’ என்றார்கள். சிங்களவர் காதில் அது ‘அலிகெட பேர’ ஆயிற்று. சிங்களத்தில் அலி என்றால் யானை, பேர என்றால் கொய்யா. இலங்கைத் தமிழில் இது ஆனைக்கொய்யா. முதலை எப்படி யானையாயிற்று பாருங்கள்! இந்தியாவுக்கும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கை வழியாகவே வந்தது என்பார்கள். குடகில் காப்பித் தோட்டங்களிலும், நம் பழனி மலைச் சரிவுகளிலும், நீலகிரியிலும், வயநாட்டிலும் நன்றாகக் காய்க்கிறது. குடகுச் செட்டள்ளியிலும் கீழ்ப்பழனி மலைத் தடியன்குடிசையிலும் உள்ள ஆராய்ச்சி நிலையங்கள் நம் மண்ணுக்கேற்ற ரகங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கின்றன.

உலகெங்கும் அதிகம் விற்கும் ரகத்துக்கு ‘ஹாஸ்’ என்று பெயர். அது ஒரு தபால்காரருடைய பெயர். அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ருடால்ப் ஹாஸ், தபால் வேலை பார்த்துக் கொண்டே சிறிய தோப்பு வைத்தார். ஒரு கன்றில் ஒட்டுப் பிடிக்கவே இல்லை. வெட்டி எறிய நினைத்தார். பிழைத்துக் காய்த்த பழம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிடித்துப் போயிற்று. 1935-ல் அந்த மரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் ஒருவர் ஒரு கன்று வாங்கினால் ஊரே அதிலிருந்து ஒட்டுக் கட்டிக் கொண்டது. அவருக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. தபால் வேலையை விடாமல் பார்த்தார். 1952-ல் காலமானார். இன்றைய ஹாஸ் மரங்கள் அத்தனைக்கும் தாயான அந்த ஒற்றை மரம் 2002 வரை இருந்தது. சம்பளக்காரன் செய்த காரியம் என்பதால் இந்தக் கதை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

அம்மாவின் கட்டைவிரல்

என் புத்தகங்களில் இந்தப் பழத்துக்குச் செய்முறையே இல்லை. சொல்லிக் கொடுத்தவர் எங்கள் காரியாலயத்து நண்பர், குடகுக்காரர். மழைக்காலத்தில் ஊருக்குப் போய் வந்தால் பை நிறையக் கொண்டு வருவார். டிபன் நேரத்தில் மேஜை மேலேயே பேனாக் கத்தியால் வகுந்து, வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, எலுமிச்சை சேர்த்துப் பிசறிக் கொடுப்பார். முதல் வாயிலேயே எனக்குத் தோன்றியது, இதற்கு அடுப்பு வேண்டாம் என்பதுதான். அன்று மாலையே ஒரு கத்தியும் பீங்கான் கிண்ணமும் வாங்கினேன். வீட்டுக்கார அம்மாளின் நிபந்தனையும் மீறவில்லை, ஐந்து ஆண்டுகளில் முதல் தடவையாக என் அறையில் நானே ஒன்றைச் செய்து சாப்பிட்டேன்.

சாப்பிட்டேன் என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர, பாதி நாள் பழம் சரியாக இருக்காது. அவசரப்பட்டு அறுத்தால் ரப்பர் மாதிரி இருக்கும், கசக்கும். பொறுத்தால் உள்ளே கறுத்துப் போகும்.

1981 ஆவணியில் என் அம்மா மின்டோ கண் ஆஸ்பத்திரியில் கண் காட்டுவதற்காக வந்தார். இரண்டு கண்ணிலும் புரை. நாலு நாள் தங்கினார். இரவு வீட்டுக்கார அம்மாள் தம் கூடத்திலேயே படுக்க வைத்துக் கொண்டார். நான் அலமாரிப் பலகையில் வைத்திருந்த மூன்று பழங்களை அம்மா தடவிப் பார்த்தார். அதுவரை அந்தப் பழத்தைக் கண்டதில்லை. “இது என்ன கண்ணு?” என்றார். சொன்னேன். காம்புப் பக்கம் கட்டைவிரலை லேசாக வைத்து, ஒவ்வொன்றாக உருட்டி, “இது நாளைக்கு. இது மறுநாளு. இது இன்னும் பிஞ்சு, இதைப் போயி வாங்கி வந்தியே” என்றார். மரத்தில் பழுக்காத சாதி இது. பறித்த பின்புதான் பழுக்கும். அது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரியும். அம்மாவுக்கு விரலிலேயே தெரிந்திருந்தது. ஒரு வாழைப்பழத்தைக் கூட வைத்து, பழைய தினசரித் தாளில் மூன்றையும் சுருட்டி வைத்தார். வாழைப்பழம் விடும் எத்திலின் வாயு மற்றதையும் பழுக்க வைக்கும் என்று பிறகு நான் படித்தேன்.

மறுநாள் அம்மா சொன்ன பழத்தை அறுத்தேன். வெண்ணெய்தான். கிண்ணத்தில் பிசறி அம்மா கையில் கொடுத்தேன். என் கையால் நான் செய்து அவர் சாப்பிட்டது அதுவே முதல் தடவை. மெதுவாகச் சாப்பிட்டார். “உப்பு ஒரு கல்லு கூட” என்றார். கொஞ்சம் கழித்து, “களிக்குத் தொட்டுக்க நல்லா இருக்கும்” என்றார். அவ்வளவுதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அன்று இரவு அம்மாவை உட்கார வைத்து, ‘சமைத்துப் பார்’ கடைசியில் பைண்டு செய்தவர் விட்டிருந்த வெற்றுத் தாள்களில் எங்கள் வீட்டுச் சமையலை எழுத ஆரம்பித்தேன். சுலபமான காரியமில்லை. “கொள்ளு எவ்வளவு?” என்றால் “வீட்டுல எத்தனை பேரு?” என்பார். “புளி?” என்றால் “புளி புதுசா, பழசா?” என்பார். கேட்க வேண்டிய கேள்விகளை அவரே என்னைக் கேட்டார். அப்படியும் களி, கொள்ளுக் கடைசல், முருங்கைக்கீரை மூன்றும் எழுதி முடித்தேன். நாலாவதாகக் ‘கருவாட்டுக் குழம்பு’ என்று தலைப்பு எழுதி அடிக்கோடு போட்டேன். அம்மாவுக்குத் தூக்கம் வந்து விட்டது. “ஊருக்கு வர்றப்ப சொல்றேன் கண்ணு, எங்க போயிடப் போறேன்” என்றார். விடிந்தால் ஜோலார்பேட்டை ரெயில்.

அடுத்த தீபாவளிக்குப் போனபோது நானும் கேட்கவில்லை. குழம்பு இலையில் இருக்கும்போது எழுதுகோல் யார் ஞாபகத்துக்கு வரும்? 1984-ல் அம்மா காலமானார்.

அக்காவிடம் கேட்டேன். தேங்காய் அரைக்கக் கூடாது என்றார். சித்தியிடம் கேட்டேன். தேங்காய் இல்லாமல் உன் அம்மா வைத்ததே இல்லை என்றார். இருவர் சொன்னதையும் தனித் தாள்களில் எழுதி அந்தப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறேன். தலைப்புக்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. சுத்த சைவப் புத்தகத்தின் முதுகில் கருவாட்டுக் குழம்பு என்று எழுதியதற்கு மீனாட்சி அம்மாள் மன்னிக்க வேண்டும்.

செய்வது எப்படி?

தனி அறையில் இருக்கும் தம்பிமார்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு பேருக்கு நடுத்தரப் பழம் ஒன்று போதும். காம்புப் பக்கம் கட்டைவிரல் வைத்தால் சற்றே அமுங்க வேண்டும், குழியக் கூடாது. நிறத்தை நம்பாதீர்கள், ஹாஸ் பழுத்தால் கறுக்கும், குடகுப் பழத்தில் பல பச்சையாகவே பழுக்கும். கெட்டியாக இருந்தால் அம்மா செய்தது போல வாழைப்பழத்தோடு தாளில் சுருட்டி வையுங்கள்.

நீளவாக்கில் கொட்டை வரை கத்தியை ஓட்டி, இரண்டு பாதியையும் எதிரெதிராகத் திருகினால் கழன்று வரும். சதையைக் கரண்டியால் வழித்துத் துண்டு போடுங்கள். பாதியைத் துண்டாகவும் பாதியை மசித்தும் போட்டால் ஒன்றோடொன்று சேரும். சின்ன வெங்காயம் ஐந்தாறு, கெட்டித் தக்காளி ஒன்று விதை நீக்கி, பச்சை மிளகாய் ஒன்று, கொத்தமல்லி கொஞ்சம், எல்லாம் பொடியாக. அரை மூடி எலுமிச்சை. உப்பைக் கடைசியில் போடுங்கள். முன்னால் போட்டால் தக்காளி தண்ணீர் விடும். எண்ணெய் வேண்டாம், பழத்திலேயே நூற்றுக்குப் பதினைந்து பங்கு கொழுப்பு இருக்கிறது. ஆலிவ் எண்ணெயில் உள்ளது போன்ற கொழுப்புத்தான். பொட்டாசியமும் அதிகம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக் கொள்ள வேண்டும். அறுத்த பழம் காற்றுப் பட்டால் கறுக்கும். எலுமிச்சை அதைத் தாமதப்படுத்தும், தடுக்காது. உடனே சாப்பிட்டு விடுங்கள். சப்பாத்திக்கும் ரொட்டிக்கும் சேரும். கேழ்வரகுக் களிக்கு மிக நன்றாகச் சேரும். அம்மா சொன்னது சரிதான்.

என் மனைவி மட்டும் இதை ஒப்புக் கொள்வதில்லை. தயிர் விட்டு, கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டினால்தான் பச்சடி என்பது அவர் கட்சி. அடுப்பு பற்ற வைத்து விட்டால் அது வேறு பதார்த்தம் என்பது என் கட்சி. பழம் கிடைக்கும் காலத்தில் எங்கள் வீட்டில் இரண்டு கிண்ணம்.